மேற்படி விஷயமும் ஒரு பஞ்சாயத்துத் தீர்மானமும்

1

எங்கள் வீட்டு வாசல் கதவில் கடிதம் போடுவதற்கென்று ஒரு பித்தளைத் துவாரம் உண்டு. போன மாதம் அதன் வழியாக விழுந்த கவரை, எனக்கு முன்னால் என் மகள் கயல்விழி எடுத்துப் படித்துவிட்டாள். படித்தவள் அதைச் சாப்பாட்டு மேசையில் சாஸ் பாட்டிலுக்கு அடியில் சொருகி வைத்தாள். ஒளிப்பதுதான் நோக்கம். ஆனால் இந்த நாட்டுக்கு வந்த பத்து வருஷத்தில் அவள் அப்பன் தோசைக்குக்கூட சாஸ் ஊற்றிக்கொள்கிறவனாக ஆகிவிட்டான் என்பதை மறந்துவிட்டாள்.

கவுன்சில் கடிதம் அது. நம்மூர்ப் பஞ்சாயத்து யூனியன் மாதிரி இங்கே கவுன்சில். வளரும் பிள்ளைகளுக்கு உடம்பு மாறுவது பற்றியும் இனப்பெருக்கம் பற்றியும் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வது, யார் சொல்வது, எந்த வயதில் சொல்வது என்று கவுன்சில் ஒரு கொள்கை எழுதப் போகிறதாம். பெற்றோர் வந்து கருத்துச் சொல்லலாம். வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் கருத்தை மிகவும் எதிர்பார்க்கிறார்களாம்.

"ப்ளீஸ், நீ போகாதே" என்றாள் கயல். அவள் ஆங்கிலத்தில்தான் சொன்னாள். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் வெறும் 'கே'. "என் ஃப்ரெண்ட்ஸோட அம்மாக்கள் எல்லாரும் வருவாங்க. நீ எதையாவது பேசி வைப்பே."

சீருடையைத் தேய்த்துக்கொண்டிருந்த என் மனைவி சரோஜா கடிதத்தை வாங்கிப் படித்தாள். இந்த ஊர் ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். நான் பிஸ்கட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர்.

"எனக்கு அன்னிக்கு டூட்டி. நீங்க போயிட்டு வாங்க. இந்த விஷயத்துல நம்ம வீட்லயே அனுபவஸ்தர் நீங்கதானே" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கியவள், இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. கயல் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

அவளுக்குத் தெரியாத அந்தக் கதையை ஊரில் இருக்கும் உங்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்.

2

எழுபதுகளின் தொடக்கத்தில் பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஒரு பஞ்சாயத்தில் நான் கிளார்க். லைட்ஹவுஸ் குப்பத்துப் பிள்ளை, எஸ்.எஸ்.எல்.சி. தேறி, பொன்னேரியில் டைப்ரைட்டிங் கற்று, கையெழுத்து அழகாக இருக்கிறது என்பதற்காகவே அந்த வேலைக்குச் சேர்க்கப்பட்டவன். ஏரிக்கு ஒரு பக்கம் கடைத்தெருவும் பழைய முஸ்லிம் வியாபாரக் குடும்பங்களின் தெருக்களும் யூனியன் நடுநிலைப் பள்ளியும். மறுபக்கம் கடலைப் பார்த்தபடி எங்கள் குப்பங்கள். நடுவில் தோணி. எங்கள் பிள்ளைகள் தோணியில் ஏறித்தான் பள்ளிக்கூடம் போவார்கள்.

பிரசிடெண்ட் ஏகாம்பரம் நாட்டார். கடலில் எந்த மூலையில் எந்த மீன் நிற்கும் என்று கரையில் நின்றே சொல்லிவிடுவார். ஆனால் யூனியன் ஆபீசிலிருந்து ஒரு காகிதம் வந்தால் வியர்த்துவிடும். அவருடைய ஒரே மகள் கஸ்தூரி அப்போது ஏழாம் வகுப்பு. கணக்கில் புலி.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலத் தோணியில் கஸ்தூரி வரவில்லை. கூட வந்த பிள்ளைகள், மத்தியானமே அவளைக் காணோம் என்றார்கள். ஏரியில் விழுந்துவிட்டாள் என்று யாரோ சொன்னதும் குப்பமே தண்ணீரில் இறங்கியது. ஏகாம்பரம் கழியால் தரையைக் குத்திக் குத்திப் பார்த்தபடி முகத்துவாரம் வரை போனார். அவர் மனைவி தேசம்மா கரையில் நின்றபடியே இருந்தாள். உட்காரச் சொன்னவர்களையெல்லாம் ஏசினாள்.

கஸ்தூரியைக் கண்டுபிடித்தது புதிதாக வந்திருந்த நர்ஸ். பொன்னேரிக்காரப் பெண், இருபத்திரண்டு வயது இருக்கும். எல்லாரும் தண்ணீரில் தேடிக்கொண்டிருந்தபோது, இவள் மட்டும் பள்ளிக்கூடத்தைச் சுற்றித் தேடினாள். மதிய உணவுக் கொட்டகையில், விறகு அடுக்குக்குப் பின்னால், பாவாடையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள் கஸ்தூரி.

"நான் சாவப் போறேன் நர்சம்மா" என்றாளாம். "வயித்துக்குள்ள இன்னாவோ அறுந்துப் போச்சி. ரத்தமா வருது. நைனா கிட்ட சொல்லாதீங்க, அது அழும்."

இருட்டும் முன்னால் நர்ஸ் அவளைத் தோணியில் கூட்டிவந்து தேசம்மாவிடம் ஒப்படைத்தாள். காதோடு ஏதோ சொன்னாள். தேசம்மா மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள், உடனே சிரித்தாள், உடனே ஓங்கி ஒரு அடியும் வைத்தாள். பெண் செத்துவிட்டாள் என்று நினைத்த வீட்டில் மறுநாளே மைக் செட் கட்டி, பெண் பெரியவளாகிவிட்டாள் என்று மூன்று நாள் பாட்டுப் போட்டார்கள். நான்காவது நாள் கஸ்தூரியின் புத்தகப்பை பரண்மேல் ஏறியது. குப்பத்தில் எல்லாப் பெண்களுக்கும் அதுதான் வழக்கம். யாரும் அதைப் பற்றி யோசித்ததுகூட இல்லை.

அந்த நர்ஸ்தான் சரோஜா. ஐந்தாவது நாள் காலையில் பஞ்சாயத்து ஆபீசுக்கு வந்து என் மேசைக்கு எதிரில் நின்றாள்.

3

"தீர்மானம் போடணும்" என்றாள்.

"இன்னா தீர்மானம்மா?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

மூன்று விரலை நீட்டினாள். ஒன்று, பெண் பிள்ளைகளுக்கு அது வருவதற்கு முன்பே அதைப் பற்றி வகுப்பில் சொல்ல வேண்டும். தானே வந்து சொல்கிறாள். இரண்டு, பள்ளிக்கூடத்தில் சுவரும் கதவும் தண்ணீரும் உள்ள கக்கூஸ் வேண்டும். மூன்று, பெரியவளானதைக் காரணம் காட்டி எட்டாவது முடிக்கும் முன் யாரும் பெண்ணைப் படிப்பிலிருந்து நிறுத்தக்கூடாது என்று பஞ்சாயத்து ஊருக்குச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் யூனியனுடையது என்பதால் தீர்மானம் யூனியன் ஆபீசுக்குப் போய் ஒப்புதல் பெற வேண்டும்.

மூன்றாவது விரலைப் பார்த்ததும் ஏகாம்பரம் முகம் மாறியது. இருந்தாலும் மகளைத் தேடித் தந்தவள். முகத்தில் அடித்தாற்போல் பேச முடியவில்லை. "இத்தப் போயி தீர்மானத்துல எப்டிம்மா எழுதறது? எத்திராஜி, நீ பாத்து டீசண்டா எழுதுப்பா" என்று என் தலையில் கட்டிவிட்டு எழுந்துபோனார்.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. கல்யாணம் ஆகவில்லை. அந்த வார்த்தையை வாயால் சொன்னதும் இல்லை, கையால் எழுதினதும் இல்லை. எதிரே நிற்பதோ சின்ன வயசுப் பெண். காதெல்லாம் சூடாகிவிட்டது. எழுதினேன்: 'மாணவிகளுக்கு ஏற்படும் மேற்படி விஷயம் குறித்து நர்ஸ் மூலம் விளக்கவும், மேற்படி விஷயத்தை முன்னிட்டு மறைவிடம் கட்டவும், மேற்படி விஷயம் காரணமாகப் படிப்பை நிறுத்தாதிருக்கவும் தீர்மானிக்கப்படுகிறது.' டீசண்டாக இருந்தது. கூட்டத்தில் படிக்காமலேயே எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். அனுப்பினேன்.

ஒரு மாதத்தில் யூனியன் ஆபீசிலிருந்து பதில் வந்தது. 'தங்கள் தீர்மானத்தின் மேற்படியில் எந்த விஷயமும் காணப்படவில்லை. மேற்படி விஷயம் எது என்று விளக்கம் அளிக்கவும்.'

சரோஜா அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "கிளார்க் சார், உங்களுக்கு அக்கா தங்கச்சி கீறாங்களா?"

"மூணு பேர்."

"அவங்களுக்கெல்லாம் மேற்படி விஷயம் வந்துச்சா?"

நான் மேசைக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

இரண்டாவது தடவை கொஞ்சம் துணிந்தேன். இரண்டு நாள் யோசித்து நல்ல தமிழ் ஒன்றைப் பிடித்தேன். 'பருவ மாற்றத்தின்போது மாணவிகள் படும் இன்னல்களைக் களைய' என்று தொடங்கியது. என் கையெழுத்தில் பார்க்க ஜோராக இருந்தது. இந்தத் தடவை மூன்றே வாரத்தில் நடவடிக்கை. பஸ்ஸில் ஓவர்சியர் ஒருவர் டேப்பும் நோட்டும் ஏணியுமாக வந்து இறங்கினார். நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கூரைமேல் ஏறினார்.

"எங்கே ஒழுகுது?" என்று மேலிருந்து கத்தினார்.

"எதுவும் ஒழுகலையே சார்" என்றேன் கீழிருந்து.

"பருவ மழையில பொம்பளப் புள்ளைங்க பெஞ்சு பக்கம் ஒழுகுதுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

பக்கத்தில் நின்ற சரோஜாவுக்குச் சிரிப்பு வெடித்தது. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோரம் சாய்ந்தாள். எனக்கு அவமானத்தில் உயிர் போயிற்று. ஆனால் அவள் சிரித்ததைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போலவும் இருந்தது. அதையும் இங்கே ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சிரித்து முடித்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பரண்மேல கீற பைய எறக்கறதுக்குள்ள அந்தப் பொண்ணுக்கு கல்யாணத்தப் பண்ணிடுவாங்க சார். ஆள் பாத்துக்கினு கீறாங்க, தெரியுமா?" என்றாள். எனக்குத் தெரியாது. வெட்கத்தைத் தவிர வேறு எதையும் நான் அந்த இரண்டு மாதமும் கவனிக்கவில்லை.

அன்றைக்கே நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "நீங்க சொல்லுங்க, அப்படியே எழுதறேன்" என்றேன். அவள் சொன்னாள். மாதவிடாய் என்று எழுதினேன். நான்கு இடத்தில் வந்தது. நான்காவது தடவை எழுதும்போது பேனா நிற்காமல் ஓடியது.

4

மூன்றாவது தீர்மானத்தைப் படிக்காமல் கையெழுத்து வாங்கக்கூடாது என்று சரோஜா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கூட்டத்தில் ஏழெட்டு உறுப்பினர்கள். எல்லாரும் ஆண்கள். சரோஜா கதவோரம் நின்றிருந்தாள். நான் எழுந்து முதல் வரியைப் படித்தேன். அந்த வார்த்தை வந்ததும் ஏகாம்பரம் கையைத் தூக்கினார்.

"நிறுத்து நிறுத்து. இன்னாடா இது பேஜாரு? ஆம்பளைங்க குந்திக்கினு கீற எடத்துல இத்தப் போயி படிக்கிற?"

காதர் பாய் என்கிற உறுப்பினர் தலைகுனிந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார். ஒருவர் எழுந்து வெளியே போனார். தீர்மானம் அங்கேயே முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது வாசலில் ஒரு மீன்கூடை இறங்கும் சத்தம். தேசம்மா உள்ளே வந்தாள். பொன்னேரிச் சந்தையிலிருந்து நேராக வருகிறாள் என்று வாசனையே சொன்னது. பஞ்சாயத்தில் ஒரு பெண்ணாவது உறுப்பினராக இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்ததால், ஏகாம்பரம் தன் மனைவியையே அந்த இடத்தில் சேர்த்திருந்தார். நான் மாதாமாதம் நோட்டை அவள் வீட்டுக்கு எடுத்துப்போய்க் கைநாட்டு வாங்கி வருவேன். கூட்டத்துக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை.

"நானும் மெம்பருதானே?" என்று கேட்டாள் என்னிடம்.

"ஆமாங்க."

"அப்போ படி. நான் கேக்கணும்."

"ஏய், நீ வூட்டுக்குப் போ" என்றார் ஏகாம்பரம்.

"நீ சும்மா இரு. நம்ம பொண்ண ஏரில கழி போட்டுத் தேடினியே, எதுக்கு? அதுக்கு சொல்லித் தர ஆளில்ல. அதான் சாவப் போறேன்னு போயி வெறகுக்குப் பின்னால குந்திக்கினு இருந்துச்சி." தேசம்மாவின் குரல் உயரவில்லை. "எனக்கு வந்தப்போ நானும் அப்டித்தான் பயந்தேன். எங்கம்மா கிட்ட போயி சொன்னேன். இன்னாடி பண்ணித் தொலைச்சேன்னு செவுள்ல ஒண்ணு உட்டுச்சி. நான் கஸ்தூரிக்கு சொல்லி வெச்சேனா? இல்ல. வெக்கம். இந்த நர்சம்மாவுக்கு வெக்கமில்லாம போனதால எம்பொண்ணு கெடச்சுது. எத்திராஜி, படிப்பா."

படித்தேன். முழுதாக, ஒரு வார்த்தை விடாமல். வெளியே போனவர் ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் காதர் பாய் தொண்டையைக் கனைத்தார். முடிந்தது கதை என்று சரோஜாவைப் பார்த்தேன்.

"பள்ளிக்கூடத்துக்கு வராத புள்ளைங்களும் எங்க தெருவுல இருக்கு" என்றார் அவர். "நர்சம்மா அங்கேயும் வரணும். எங்க வீட்ல உள்கூடம் இருக்கு. எம் பொஞ்சாதி எல்லாத்தையும் கூட்டி வெப்பா. அதையும் ஒரு வரி சேத்துக்கோ தம்பி."

சேர்த்துக்கொண்டேன். நான்கு அம்சமானது. ஏகாம்பரம் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு கையெழுத்துப் போட்டார். அன்றைக்குத் தேசம்மா கைநாட்டு வைக்கச் சம்மதிக்கவில்லை. "என் பேர எழுதிக் காட்டு" என்றாள். 'தே' மட்டும் எழுதினாள். அது இறால் மாதிரி வளைந்து இருந்தது. யாரும் சிரிக்கவில்லை, அவள்தான் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

இந்தத் தடவை யூனியன் ஆபீஸ் கேள்வி கேட்கவில்லை. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் சரோஜாவுடையது. முதல் வகுப்பன்று ஆண்களுக்கு உள்ளே அனுமதியில்லை. தலைமை ஆசிரியரும் நானும் வேப்பமரத்தடியில் காவல் நின்றோம். உள்ளே முதலில் நிசப்தம். பிறகு ஒரு கிளுகிளுப்பு. பிறகு முப்பது பெண் பிள்ளைகளும் ஒரே சமயத்தில் சிரிக்கிற சத்தம் ஓட்டுக்கூரையைத் தூக்கிவிடும்போல் வந்தது. "இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்று கவலைப்பட்டார் தலைமை ஆசிரியர். பயம் விட்டுப்போனால் மனுஷருக்கு அப்படித்தான் சிரிப்பு வரும் என்று எனக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை. கதவு திறந்ததும் கஸ்தூரிதான் முதலில் வெளியே ஓடிவந்தாள், கையில் புத்தகப்பையோடு.

எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கக்கூஸ் கட்டி முடிக்க இரண்டு மழைக்காலம் ஆயிற்று. சில வீடுகளில் தீர்மானத்தை மதிக்கவே இல்லை. பின்னால் பஞ்சாயத்துப் பதவிக்காலம் முடிந்து, தேர்தலும் நடக்காமல், வெள்ளிக்கிழமை வகுப்பு நின்றுபோனது. ஆனால் முதல் வருஷம் கேட்ட பெண்கள் தங்கைகளுக்குச் சொல்லிவிட்டார்கள். அதை நிறுத்த யாராலும் முடியவில்லை. கஸ்தூரி பொன்னேரியில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, இப்போது அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எழுதிப்போட்டு எல்லாரையும் மிரட்டிக்கொண்டிருக்கிறாள்.

சரோஜாவிடம் நான் என் விஷயத்தைச் சொல்ல இன்னும் ஆறு மாதம் எடுத்துக்கொண்டேன். தோணித்துறையில் நின்று, சுற்றி வளைத்து, பருவம் அது இது என்று ஏதோ தொடங்கினேன். "கூரைக்கு ஏணி கொண்டாரணுமா, இல்ல நேரா சொல்றீங்களா?" என்று கேட்டாள். நேராகச் சொன்னேன்.

5

இனி இந்த ஊர்க் கூட்டம். சுவரில் பழைய மேயர்கள் படமாகத் தொங்கும் ஹாலில் முப்பது பேர் இருந்தோம். பிஸ்கட் கொடுத்தார்கள், எங்கள் கம்பெனி பிஸ்கட். தலைமை தாங்கிய அம்மாள் மிகவும் அன்பானவர். பெற்றோர்கள் பேசினார்கள். இப்போது சொல்ல வேண்டாம், பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்றார் ஒருவர். பதிமூன்று வயதில் சொன்னால் போதும் என்றார்கள் பலர். தலைவி என் பக்கம் திரும்பி, மிக மெதுவாக, "உங்கள் கலாச்சாரத்தில் இதெல்லாம் பேசமாட்டீர்கள் என்று தெரியும். உங்களுக்குச் சங்கடம் என்றால் பேச வேண்டாம்" என்றார்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. எழுந்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கம்பீரமாகச் சொன்னேன்: "நான் வேலை பார்த்த பஞ்சாயத்தில் பதினைந்து வருஷத்துக்கு முன்பே தீர்மானம் போட்டிருக்கிறோம். எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை ஒரு பீரியட் கட்டாயம். தலைமை ஆசிரியர் மணி அடித்ததும் தொடங்கும். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்."

பின்வரிசையில் ஒரு பெண்மணி, "அப்படி ஒரு தீர்மானம் இங்கேயும் போட முடியுமா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். என்னைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள். தலைவி மேசையில் தலையை வைத்துக்கொண்டார். கெட்டுவிடுவார்கள் என்றவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். நமக்குப் பீரியட் என்றால் முதலில் பாடவேளை. இவர்களுக்கு அது முதலில் மாதவிடாய். எனக்கு உறைக்க அரை நிமிஷம் ஆயிற்று. உறைத்ததும், பழைய கிளார்க்காக இருந்தால் மேசைக்கு அடியில் போயிருப்பேன். அன்று நானும் சேர்ந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வர, பக்கத்து ஆளின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அதற்குப் பிறகு நான் சொன்னதைக் கேட்டார்கள். விறகுக்குப் பின்னால் ஒளிந்த பெண்ணைப் பற்றிச் சொன்னேன். பதிமூன்று வயது மிகவும் தாமதம், வருவதற்கு முன்பே சொல்ல வேண்டும் என்றேன். பள்ளிக்கூடத்துக்கு வெளியே இருப்பவர்களையும் மறக்கக்கூடாது என்றேன். தலைவி எழுதிக்கொண்டார். போன வாரம் வந்த வரைவுக் கொள்கையில், ஆரம்பப் பள்ளியின் கடைசி வருஷத்திலேயே தொடங்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. அதை யார் சொன்னார்கள் என்று போடவில்லை. அரசாங்கக் காகிதங்கள் எல்லா ஊரிலும் அப்படித்தான்.

மறுநாள் கயலுக்குப் பள்ளிக்கூடத்தில் விஷயம் எட்டிவிட்டது. பத்து நாள் என்னோடு பேசவில்லை. சாப்பிடும்போது எனக்கும் அவளுக்கும் நடுவில் கார்ன்ஃப்ளேக்ஸ் அட்டைப்பெட்டியை நிறுத்தி வைத்துக்கொள்வாள்.

6

போன சனிக்கிழமை காலை. சரோஜாவுக்கு டூட்டி. வெளியே வழக்கமான மழை. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கயல் மாடியிலிருந்து இறங்கி வந்து சமையலறை வாசலில் நின்றாள்.

"அப்பா" என்றாள். நான் திரும்பியதும் தமிழிலேயே சொன்னாள். "எனக்கு வந்துடுச்சு."

கத்தியைக் கீழே வைத்தேன். என் பெண் இந்தச் செய்தியை என்னிடம், என் முகத்தைப் பார்த்து, எங்கள் மொழியில் சொல்கிறாள். அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போலிருந்தது. மைக் செட் கட்ட வேண்டும் போலிருந்தது. கடைசியில், "பயமா இருக்காம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

"எதுக்கு?" என்றாள். உண்மையாகவே அவளுக்குப் புரியவில்லை. "பசிக்குது. முட்டை போடேன். ரெண்டு."

வாணலியை அடுப்பில் வைத்தேன். முதல் முட்டை கை தவறித் தரையில் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. "என்னப்பா நீ!" என்று என்னைத் தள்ளிவிட்டு, மூன்றாவது முட்டையை அவளே எடுத்து உடைத்து ஊற்றினாள்.